பகாவிலிருந்து நாகப்பட்டினம் எவ்வளவு தூரம்?

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் 'ஊர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் இருந்தது. குடியிருந்த லயத்தையோ, சம்பள நாளில் சாமான் வாங்கப் போன பகாவ் பட்டணத்தையோ அது குறிக்கவில்லை. "அவர் ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் கடல் தாண்டி இந்தியாவுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பால்மரம் சீவி, இங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள்கூட அப்படித்தான் பேசினார்கள்.

அந்த ஊர் எவ்வளவு தூரத்தில் இருந்தது?

வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் பகாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஏறத்தாழ 2,650 கிலோமீட்டர். ராஜேந்திர சோழன் காலத்திலும் அதே தூரம்தான், இன்றும் அதே தூரம்தான். ஆனால், மனிதன் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டுமா அளக்கிறான்? நாளில் அளக்கிறான், பணத்தில் அளக்கிறான், கையில் இருக்கும் காகிதத்திலும் அளக்கிறான். அப்படி அளந்தால் இந்தத் தூரம் ஒரே நூற்றாண்டில் பலமுறை சுருங்கியிருக்கிறது, பலமுறை நீண்டும் இருக்கிறது. தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றில் பெரும் பகுதியை இந்த ஒரு கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

படகை இழுத்த வழி

பகாவ் அமைந்திருக்கும் ஜெம்போல் வட்டாரம், தூரத்தைக் குறைப்பதற்காகவே பழங்காலத்தில் பெயர் பெற்ற இடம். இரயிலும் தார்ச்சாலையும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து பகாங் கரைக்குப் போக விரும்பிய வணிகர்கள் இந்த வழியைத்தான் நாடினார்கள். மூவார் ஆற்றில் நுழைந்து, ஜெம்போல் ஆற்றில் ஏறி வருவார்கள். அங்கிருந்து சில நூறு மீட்டர் நிலத்தைக் கடந்தால் செர்திங் ஆறு. அதன் வழியே போனால் பகாங் ஆறு, அதன் முடிவில் கிழக்குக் கடல்.

இடையில் இருந்த அந்தச் சிறு நிலப்பகுதியில் படகைத் தரையில் வைத்து இழுத்துச் செல்ல வேண்டும். மலாய் மொழியில் இழுப்பதற்குத் 'தாரிக்' என்பார்கள். அதனால் அந்த இடத்துக்குப் 'பெனாரிக்கான்' என்று பெயர் வந்தது. தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு கடல்வழியே போகும் நீண்ட பயணத்தை இந்தச் சில நூறு மீட்டர் மிச்சப்படுத்தியது.

கடல்வழியே வந்தவர்களுக்கோ காற்றுதான் கடிகாரம். ஏழாம் நூற்றாண்டில் வூ சிங் என்ற சீனத் துறவி, கடாரத்திலிருந்து கப்பலேறி மேற்கே 30 நாள் பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்ததாக, அவர் காலத்துத் துறவியான இத்சிங் எழுதி வைத்திருக்கிறார். சாதகமான பருவக்காற்று வீசும்போதுதான் அந்த 30 நாள். காற்றைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை துறைமுகத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும். 1025-ஆம் ஆண்டில் கடாரத்தின் மீது படையெடுத்த சோழர் கப்பல்களும் அதே காற்றை நம்பித்தான் பாய் விரித்தன.

நீராவிக் கப்பல் வந்த பிறகு, காற்றின் தயவு தேவைப்படவில்லை. 30 நாள் ஐந்தாறு நாளாகக் குறைந்தது. தோட்டத் தமிழர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று வாரப் பயணம்

1910-ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் பகாவுக்கு முக்கியமான ஆண்டு. ஒன்று, அந்த ஏப்ரல் மாதத்தில் கிம்மாசிலிருந்து பகாவுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னாளில் குவா மூசாங், தும்பாட் வரை நீண்ட கிழக்குக் கரைப் பாதையின் முதல் துண்டு அதுதான். இரண்டாவது, இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுக்கும் முறை அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை அதன் இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்டது. இரயில் வந்தது, ரப்பருக்கு விலை இருந்தது, காடு தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1927-இல் ஒரு குடும்பம் பகாவுக்குப் புறப்பட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் மாட்டு வண்டி, பிறகு நாகப்பட்டினத்துக்கு இரயில். அங்கே டிப்போவில் மருத்துவச் சோதனையும் பதிவும். கப்பல் வரும்வரை சில நாள் காத்திருப்பு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வந்து நிற்காது. ஆழமான இடத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பலுக்குப் படகில் போய் ஏற வேண்டும். வாழ்நாளில் குளத்தையும் ஆற்றையும் மட்டுமே பார்த்தவர்களுக்கு அந்தப் படகுப் பயணமே முதல் சோதனை.

அந்நாளில் இந்தக் கடலில் அதிகம் அறியப்பட்ட கப்பல் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணம் என்றால் அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. டிரங்குப் பெட்டிதான் சுவர்.

கப்பல் ஓடிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 13 கடல் மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர். விரைந்து மிதிக்கும் சைக்கிள்காரரின் வேகத்தைவிட அதிகமில்லை. ஆனால், இரவும் பகலும் நிற்காமல் ஓடும். பினாங்கை அடைய நான்கைந்து நாள் ஆகும். அங்கிருந்து, இன்று கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு மேலும் ஒரு நாள். இறங்கியவுடன் ஊர் வந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. நோய் பரவாமல் இருக்கத் தொழிலாளர்கள் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரெஜாக் தீவு.

முகாமிலிருந்து வெளியே வந்தால் இரயில். கோலாலம்பூர், சிரம்பான், கிம்மாஸ் என்று தெற்கே போய், கிம்மாசில் வண்டி மாறி மறுபடியும் வடக்கே திரும்பிப் பகாவ் வர வேண்டும். அங்கிருந்து தோட்டத்துக்கு லாரியோ மாட்டு வண்டியோ. காத்திருந்த நாள், கடலில் கழிந்த நாள், முகாமில் கிடந்த நாள் எல்லாவற்றையும் கூட்டினால் கிராமத்து வாசலிலிருந்து லயத்து வாசலுக்கு இரண்டு மூன்று வாரம்.

வந்த வழியும் திரும்பும் வழியும்

அந்த இரண்டு மூன்று வாரப் பயணத்துக்குத் தொழிலாளி காசு கொடுக்கவில்லை. 1907-இல் சட்டப்படி அமைக்கப்பட்ட தமிழர் குடிவரவு நிதிதான் செலவை ஏற்றது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையில் இயங்கிய நிதி அது. கங்காணி கூட்டிவந்த தொழிலாளிக்குக் கப்பல் சீட்டு இலவசம்.

திரும்பிப் போவது வேறு கதை. உடல்நலம் கெட்டவர்களையும் வேலை இழந்தவர்களையும் தொழிலாளர் இலாகா திருப்பி அனுப்பி வைத்தது உண்டு. ஆனால், அம்மாவைப் பார்க்க வேண்டும், தங்கை கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று விரும்பியவர் சொந்தக் காசைத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. 1920-களின் பிற்பகுதியில் ஆண் தொழிலாளியின் நாள் சம்பளம் 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற அளவில் இருந்தது. அதில் அரிசி, துணி, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சம் பிடித்து, குடும்பத்துக்கே கப்பல் சீட்டு வாங்குவது என்பது பல வருடக் கனவு. ஆக, ஒரே கடல்தான், ஒரே கப்பல்தான். ஆனால், இங்கே வரும் தூரம் இரண்டு மூன்று வாரம். திரும்பும் தூரமோ பலருக்கு ஐந்து வருடம், பத்து வருடம். சிலருக்கு வாழ்நாள் முழுவதும்.

1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ரப்பர் விலை சரிந்தது. அப்போது அந்தத் தூரம் திடீரென்று சுருங்கியது. தொழிலாளிகளின் விருப்பத்தால் அல்ல, முதலாளிகளின் தேவையால். ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டு, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். தங்களால் சீட்டு வாங்க முடியாதபோது எட்டாத தூரத்தில் இருந்த ஊர், தோட்டத்துக்கு ஆள் வேண்டாம் என்றானதும் ஒரே வாரத்தில் வந்து நின்றது. 1938-இல் இந்திய அரசாங்கம், உதவிப் பணத்தில் தொழிலாளிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணிக் காலம் அத்தோடு முடிந்தது.

கப்பல் வராத ஆண்டுகள்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே தூரத்தைக் கணக்கிடவே வழியில்லை. கப்பல் இல்லை, கடிதம் இல்லை. இங்கே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று அங்கே தெரியாது. அங்கே பிறந்த குழந்தையின் பெயர் இங்கே தெரியாது. கடிகாரத்தைக்கூட மாற்றிவிட்டார்கள். மலாயாவில் தோக்கியோ நேரம் அமலில் இருந்தது.

அதே ஆண்டுகளில் தோட்டத் தமிழர்கள் வேறொரு தூரத்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள். சயாம் - பர்மா எல்லைக் காட்டில் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட, பல்லாயிரக்கணக்கானவர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சரக்கு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். மரண இரயில் என்று நாம் சொல்வது அதைத்தான். போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. அந்தப் பாதைக்குத் தண்டவாளம் வேண்டும் என்பதற்காகக் கிழக்குக் கரைப் பாதையின் வடபகுதியிலிருந்து தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

பகாவ் காட்டுக்கே வேறு மக்கள் கொண்டு வரப்பட்டதும் அப்போதுதான். சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் வந்தபோது, யுரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் 1943-இன் இறுதியிலிருந்து பகாவில் குடியேற்றப்பட்டார்கள். காட்டை அழித்துப் பயிர் செய்து பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போனது. அவர்களை வழிநடத்திய ஆயர் தெவால்ஸ் 1945 ஜனவரியில் காலமானார். சிங்கப்பூரிலிருந்து பகாவ் ஒரு நாள் இரயில் பயணம்தான். ஆனால், அந்தக் குடியேற்றத்தில் இறந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் திரும்ப முடியாத தூரமாகிவிட்டது.

சிவப்பும் நீலமும்

போர் முடிந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ரஜூலாவும் மீண்டும் வந்தது. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதுவரை தோட்டத் தொழிலாளி கப்பல் சீட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார். இனி அடையாளக் கார்டின் நிறத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருந்தது. குடியுரிமை பெற்றவருக்கு நீல அடையாளக் கார்டு, பெறாதவருக்குச் சிவப்பு. மனு செய்ய வேண்டும் என்பது தெரியாமலும், பிறப்புப் பத்திரம் இல்லாமலும், தேர்வில் பேச மலாய் மொழி வராமலும் விட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம்.

அதன் விலை 1969-க்குப் பிறகு தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. பெர்மிட் கிடைக்காதவர்களும், கிடைக்காது என்று அஞ்சியவர்களும் மூட்டை கட்டினார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அப்போது நாட்டை விட்டுப் போனதாகக் கணிக்கப்படுகிறது. ஒரே வீட்டில் அப்பாவுக்குச் சிவப்பு, பிள்ளைக்கு நீலம். அப்பா கப்பலேறினார், பிள்ளை கரையில் நின்றார். பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம். அதன் பிறகு கறுப்பு மை தடவிய ஒரு கடிதம். அது வந்து சேர்வதற்குள் அங்கே கருமாதியும் முடிந்திருக்கும்.

1973-இல் ரஜூலா ஓய்வு பெற்றது. ஏறக்குறைய 47 ஆண்டு ஒரே கடலில் ஓடிய கப்பல் அது. அதன் இடத்தைப் பிடித்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரி 12-ஆம் தேதி நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் பலியாயின. அதன் பிறகு அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றி இந்தக் கடலில் ஓடவே இல்லை. தோட்டத் தமிழர் அறிந்த கப்பல் பயணம் அந்தத் தீயோடு முடிந்துபோனது.

நான்கு மணி நேரம்

விமானம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஏர் இந்தியா 1954-லேயே சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆனால், பால்மரம் சீவியவருக்கு விமானம் தலைக்கு மேலே பறக்கும் பொருளாகத்தான் நெடுங்காலம் இருந்தது. 1998-இல் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் வந்தது. பகாவிலிருந்து கோலப்பிலா, சிரம்பான் வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். 2008 டிசம்பரில் மலிவுக் கட்டண விமானம் திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஊர் உண்மையிலேயே பக்கத்தில் வந்தது அதன் பிறகுதான்.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர், திருச்சிக்கு சுமார் 2,690 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் போதும்.

முதல்முறை போகிறவர்கள் பயணச் சீட்டைப் பார்த்துக் குழம்புவது உண்டு. காலை 8.30-க்குப் புறப்பாடு, 10.00-க்கு வந்து சேரும் என்று போட்டிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் எப்படி என்று கேட்பார்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும்போது அந்த இரண்டரை மணி கணக்கில் குறையும். வரும்போது சேர்ந்துகொள்ளும். நான்கு மணிப் பயணம் சீட்டில் ஆறரை மணி நேரமாகத் தெரியும். 1982 ஜனவரி முதல் தேதிக்கு முன் இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அன்றுதான் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது.

விடியற்காலையில் பகாவில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர், அன்று இரவு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சாப்பிட்டுவிடலாம். பாட்டனார் இரண்டு மூன்று வாரத்தில் கடந்ததைப் பேரன் ஒரே நாளில் கடக்கிறான்.

யாரைப் பார்க்கப் போவது?

இப்போதுதான் ஒரு புதிய கேள்வி எழுகிறது. வழி இருக்கிறது, விமானம் இருக்கிறது, பலருக்குக் காசும் இருக்கிறது. எந்தக் கிராமத்துக்குப் போவது?

கடல் மூன்று வார தூரத்தில் இருந்தபோது எல்லோருக்கும் முகவரி தெரிந்திருந்தது. கிராமத்தின் பெயர், தாலுகாவின் பெயர், குலதெய்வம், தெருவில் இருந்த மரம் வரை தெரியும். கடல் நான்கு மணி நேர தூரத்துக்கு வந்த நேரத்தில் அந்தத் தகவல்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயங்கள் உடைக்கப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் பகாவ், சிரம்பான், கோலாலம்பூர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வீடு மாறும்போது டிரங்குப் பெட்டியும் போயிற்று. அதோடு பழைய கடிதங்களும் கப்பல் சீட்டும் போயின. திருச்சியில் விமானம் இறங்கும் பல குடும்பங்களுக்குக் கோயில்களின் பட்டியல் கையில் இருக்கிறது. தாத்தாவின் கிராமத்துப் பெயர் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த நாட்டிலேயே பிறந்தும் பிறப்புப் பதிவு இல்லாமல், குடியுரிமை கிடைக்காமல் முதுமை அடைந்தவர்கள் நம் சமுதாயத்தில் இன்னும் இருக்கிறார்கள். எந்த நாட்டுக் கடப்பிதழும் கையில் இல்லாதவருக்கு நான்கு மணி நேரம் என்பது வெறும் எண். பாட்டனாருக்குக் காசில்லாமல் எட்டாத ஊர், அவருக்குக் காகிதம் இல்லாமல் எட்டவில்லை. விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அந்தத் தூரத்தை அது குறைக்காது. அதைக் குறைக்க வேண்டியது பதிவு அலுவலகமும், மனு எழுதித் துணைக்குப் போகும் படித்த பிள்ளைகளும்தான்.

பகாவிலும், ஜெராம் பாடாங், கெடிஸ் போன்ற தோட்டப் பகுதிகளிலும் கப்பலில் வந்தவர்களின் கதையை நேரில் கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. தாத்தா எந்த ஊர், எந்தத் தாலுகா, எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், எந்தக் கங்காணியோடு வந்தார், குலதெய்வம் எது என்று அவர்களிடம் கேட்டால் பாதியாவது கிடைக்கும். அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், தேதி போட்டு எழுதி வைக்க ஒரு மாலைப் பொழுது போதும். வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய பிறப்புப் பத்திரம், கடிதம், அடையாளக் கார்டு எதுவானாலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஊரைத் தேடுவதற்கும் அதுதான் ஆதாரம், குடியுரிமை மனுவுக்கும் பல நேரங்களில் அதுதான் ஆதாரம்.

பகாவிலிருந்து நாகப்பட்டினம் இன்னும் 2,650 கிலோமீட்டர்தான். கேட்டு எழுதி வைக்கும் வீட்டுக்கு அது ஒரு நாள் பயணம். கேட்காமல் விட்ட வீட்டுக்கு, 1942-இல் இருந்ததுபோல், கணக்கிடவே முடியாத தூரம்.